ஐநேச்சுரலிஸ்ட் செயலி: ‘இது என்ன பிராணி?’ என்று கேட்கும் சென்னைவாசிகளுக்கு ஒரு மதிப்பீடு

மழைக்காலம் பிறந்தால் சென்னை அடுக்குமாடிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று படங்கள் தவறாமல் வலம்வரும். சுத்தியல் தலையோடு ஒரு நீளப் புழு, பளிச்சென்ற மஞ்சளில் ஒரு தவளை, குளியலறை வடிகால் மூடியருகே நெளியும் கறுப்பு நூல். கீழே யாராவது ‘புதிய இனமாம், ஜாக்கிரதை’ என்று எழுதியிருப்பார்கள். மூன்றுமே பழைய ஆசாமிகள்தான். முதலாவது பைபாலியம் வகைத் தட்டைப்புழு. இரண்டாவது இனப்பெருக்கக் காலத்தில் நிறம் மாறிய ஆண் இந்தியக் காளைத்தவளை. மூன்றாவது புழுப்பாம்பு. இதைக் கண்டுபிடிக்க விலங்கியல் பட்டம் வேண்டாம், ஒழுங்கான இரண்டு படங்களும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும் போதும். ஆனால் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு பிராணி உங்கள் மொட்டைமாடிக்கு வந்தால் இதே செயலி என்ன சொல்லும்? தெரிந்த ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லிவிடும், அதுவும் தயங்காமல். செயலியை நிறுவுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது இது. 2023 முதல் தனி இலாபநோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் கிடைக்கும், கணினி உலாவியிலும் திறக்கலாம். பெரிய வேலைகளுக்குக் கணினித் தளமே மேல். செயலியில் விரலால் தேடித்தேடிச் செய்வதை அங்கே நொடியில் முடிக்கலாம்.

செய்முறை எளிது. படத்தை ஏற்றியதும் ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்கும். அந்த இடத்தைத் தொட்டால் படத்தையும் இடத்தையும் வைத்துக் கணினி சில பெயர்களைப் பரிந்துரைக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேதியும் இடமும் சரியா என்று பார்த்துப் பதிவேற்றினால் உலகெங்கும் உள்ள பயனர்கள் வந்து ஒப்புக்கொள்வார்கள் அல்லது மறுப்பார்கள். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓர் இனத்தின் பெயரில் ஒத்துப்போனால் பதிவு ‘ரிசர்ச் கிரேடு’ ஆகும். நீங்கள் ஒருவர், இன்னொருவர், ஆக இரண்டே பேர் ஒத்துப்போனாலும் போதும். ஒருவர் மறுத்துவிட்டால் கணக்கு மாறும்: இரண்டுக்கு ஒன்று என்பது சரியாக மூன்றில் இரண்டு, அதற்கு மேல் அல்ல. ஆகவே மூன்றாவதாக ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தரத்தை எட்டிய, பொதுப் பயன்பாட்டு உரிமம் கொண்ட பதிவுகள் ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்குப் போகின்றன. ஆய்வாளர்கள் எடுத்தாள்வது அங்கிருந்துதான்.

இரண்டே பேர் போதும் என்பதில் ஓட்டையும் இருக்கிறது. ஒரே கல்லூரிக் குழுவில் இருப்பவர்கள் ஒருவர் பதிவை மற்றவர் பார்க்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். கணினி சொன்ன தவறான பெயருக்கு இப்படி இரட்டை முத்திரை விழுந்துவிட்டால் அதைத் தேடிப்பிடித்துத் திருத்துவது பெரிய பாடு. ‘ரிசர்ச் கிரேடு’ என்ற பச்சைச் சீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். யார் ஒப்புக்கொண்டார்கள், அந்தக் குடும்பத்தில் அவர் எத்தனை பதிவுகளை அடையாளம் கண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

இனிப் பரிந்துரைக்கும் கணினிக்கு வருவோம். ஏற்கெனவே பதிவான படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற இயந்திரம் அது. ஓர் இனம் அதன் பட்டியலில் ஏற வேண்டுமானால் ஏறக்குறைய 100 படங்களாவது தளத்தில் இருக்க வேண்டும். இப்படி அதற்குத் தெரிந்தவை சுமார் ஒரு லட்சம். அதில் செடிகொடிகளும் காளான்களும் அடக்கம். இந்திய விலங்கியல் ஆய்வகம் 2024 ஜூனில் வெளியிட்ட விலங்குப் பட்டியலில் இந்தியாவில் மட்டுமே 1,04,561 இனங்கள் இருக்கின்றன. எனவே நம் ஊர் வண்டுகளிலும் குளவிகளிலும் ஈக்களிலும் பெரும்பகுதியை இயந்திரம் பார்த்ததே கிடையாது. பார்க்காததைப் பார்த்தால் ‘தெரியாது’ என்று சொல்ல அதற்குப் பழக்கம் போதாது. முகச்சாயல் ஒத்துப்போகும் ஒன்றை மேலே தூக்கிவைக்கும். பெயரே இல்லாத இனம் அதன் பட்டியலில் இருக்க வழியே இல்லை என்பதால், உண்மையான புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இந்தச் செயலியில் முதலில் தவறான பெயரோடுதான் நுழையும்.

அதனால் இயந்திரம் உறுதியாகச் சொல்லும்போது அல்ல, தடுமாறும்போதுதான் கவனிக்க வேண்டும். மேலே ‘இந்தப் பேரினமாக இருக்கும் என்று ஓரளவு உறுதி’ என்று சொல்லிவிட்டு, கீழே அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் இனங்களை வரிசையாக நீட்டினால் நம் பகுதியைச் சேர்ந்த இனம் அதன் பயிற்சியில் இல்லை என்று பொருள். ‘அருகில் எதிர்பார்க்கப்படுபவை மட்டும்’ என்ற வடிகட்டியைப் போட்டும் எடுத்தும் இருமுறை பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால் இனப்பெயரைத் தொடவே வேண்டாம். பேரினம், குடும்பம், அதுவும் சந்தேகமானால் ‘சிலந்திகள்’, ‘வண்டுகள்’ என்ற அளவில் நிறுத்துங்கள். வெறுமனே விட்டுவிடவும் கூடாது. அந்தந்தக் குழுவின் நிபுணர்கள் தங்கள் குழுப் பெயரை வடிகட்டித்தான் பார்க்கிறார்கள், பெயரில்லாப் பதிவு அவர்கள் கண்ணில் படாது.

சென்னையில் எதற்கு நன்றாக வேலை செய்கிறது? பறவை, வண்ணத்துப்பூச்சி, தட்டான், பெரிய அந்துப்பூச்சி, கடற்கரையில் ஒதுங்கும் பிரபலப் பிராணிகள். நந்தியாவட்டையிலும் அரளியிலும் பெரிய நீலக் கண்களோடு முறைக்கும் பச்சைப் புழுவைக் காட்டினால், அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு என்று சட்டெனச் சொல்லிவிடும். அந்தக் ‘கண்கள்’ வெறும் புள்ளிகள், கடிக்காது. வால்பகுதியிலிருந்து நான்கு மயிரடர்ந்த குழாய்களை ஊதிவிரிக்கும் கிரியடோனோடஸ் கேங்கிஸ் அந்துப்பூச்சியும் அப்படித்தான். இணையத்தில் ‘வேற்றுக்கிரகவாசி’ என்று சுற்றும் அந்தக் காணொளியில் இருப்பது பெண்ணை ஈர்க்கும் மணத்தைப் பரப்பும் ஆண். புழுப்பருவத்தில் தின்ற இலையில் இருந்த ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்களின் அளவைப் பொறுத்தே குழாய்களின் நீளம் அமையும். 2017இல் விசாகப்பட்டினத்தில் கட்டி முடியாத கட்டடமொன்றில் எடுத்த ‘வேற்றுக்கிரகவாசிகள்’ காணொளி நினைவிருக்கலாம். அவை கூகைக் குஞ்சுகள். நம் பழைய கட்டடங்களின் சன்ஷேடுகளிலும் கூகை குஞ்சு பொரிக்கிறது. வெள்ளை முகத்தோடு நிமிர்ந்து நிற்கும் குஞ்சை இரவில் டார்ச்சில் பார்த்தால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். செயலிக்கு அந்தப் பயம் இல்லை.

கடற்கரை விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன்கள் ஒதுங்கின. கிளாக்கஸ் அட்லான்டிகஸ் என்ற, சுமார் 3 செ.மீ. அளவுள்ள ஓடில்லாக் கடல்நத்தை அது. புது இனம் அல்ல, நடுக்கடலில் மிதந்து திரிவதைப் புயற்காற்று கரைக்குத் தள்ளிவிட்டது, அவ்வளவே. போர்ச்சுகீசிய மேன்-ஆஃப்-வார் என்ற, சொறிமீன் போன்ற பிராணியைத் தின்று அதன் கொட்டும் செல்களைத் தன் உடலிலிருந்து விரல்போல நீளும் உறுப்புகளின் நுனிகளில் சேமித்துவைக்கும். ஆகவே வெறுங்கையால் தொடாதீர்கள். இதைப் படமெடுப்பதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. மணலில் கிடக்கும்போது விரல்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நீலக் கோழையாகத் தெரியும், இயந்திரமும் நத்தை என்ற அளவோடு கைவிரித்துவிடும். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் கடல்நீரை எடுத்து, அட்டைத்துண்டால் தள்ளி மிதக்கவிட்டு, மேலிருந்து எடுத்தால் விரல்கள் விரியும். நீலப்பக்கம் மேலே தெரிந்தால் அது அதன் வயிறு. தலைகீழாக மிதப்பது அதன் வழக்கம். விரல்கள் ஒவ்வொரு கொத்திலும் ஒரே வரிசையாக இருந்தால் அட்லான்டிகஸ், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருந்தால் அதன் சிறிய உறவான மார்ஜினேட்டஸ். இந்த வேறுபாடு படத்தில் தெரியாவிட்டால் எந்த நிபுணரும் உதவ முடியாது. படம் எடுத்ததும் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் பகுதியில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததே, அது போன்றவற்றுக்கு இந்தச் செயலி உதவாது. ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிரி. அதை உறுதிசெய்ய ஒரு பாட்டில் நீரும் நுண்ணோக்கியும் வேண்டும், இருட்டில் எடுத்த நீலக் கோடு ஆதாரமாகாது.

பாம்புகளுக்கு மட்டும் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. வீட்டுக்குள் வரும் வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் மங்கிய படத்தில் இயந்திரம் குழப்பிக்கொள்ளும். முன்னதற்கு விஷமில்லை, பின்னது கொல்லும். வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்கு முன்பகுதியில் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து வால் நோக்கித் தெளிவாகும், முதுகெலும்பின் மேல் அறுகோணமாகப் பெரிய செதில்கள் ஒரு வரிசை ஓடும். இதைப் பாம்பு போன பிறகு படத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பாம்பு எதிரில் இருக்கும்போது செயலியைத் திறந்து பெயர் கேட்டு முடிவெடுப்பது முட்டாள்தனம். தள்ளி நின்று வனத்துறையை அழையுங்கள். கடித்திருந்தால் படமும் வேண்டாம் பெயரும் வேண்டாம், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

புழுப்பாம்பு விஷயம் இதற்கு நேர்மாறு. ஆபத்தே இல்லாததை ‘நாகக்குட்டி’ என்று அடித்துக் கொல்கிறார்கள். மண்புழுவுக்கு உள்ள வளையங்கள் இதற்கு இல்லை, பளபளப்பான செதில் உண்டு, பொறுத்துப் பார்த்தால் நாக்கு வெளியே வந்துபோகும். இந்த இனத்தில் ஆணே கிடையாது, பெண்கள் தாமாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. வெள்ளைக் காகிதத்தின் மேல் நகரவிட்டுத் தலையை நெருக்கமாக எடுங்கள். தட்டைப்புழுவுக்கு வேறு முறை. தலையை நீட்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். முதுகில் ஓடும் கோடுகளின் எண்ணிக்கையும் கழுத்தில் அவை எங்கே முறிகின்றன என்பதும்தான் இனத்தைச் சொல்லும். சுருண்டு கிடக்கும்போது எடுத்த படம் வீண். வெட்டிப் போடாதீர்கள், துண்டுகள் தனித்தனிப் புழுவாக வளரும்.

செயலியை நிறுவிய பலர் ஒரு வாரத்தில் கைவிடுவதற்குக் காரணம் செயலி அல்ல, படம். இயந்திரமானாலும் நிபுணரானாலும் பார்ப்பது படத்தை மட்டும்தான். ஒவ்வொரு குழுவுக்கும் அடையாளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும். தட்டானுக்கு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால்நுனிக் கொக்கிகளுக்கு ஒன்று. சிலந்திக்கு முகத்தை நேராக, கண்களின் அமைப்பு தெரியும்படி எடுங்கள். அப்படி எடுத்தாலும் குடும்பமும் பேரினமும் வரைதான் போகலாம். பல சிலந்திகளின் இனத்தை முதிர்ந்தவற்றின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே பிரிக்கிறார்கள். ‘முகத்தைப் பார்த்தாலே தெரியுமே’ என்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். புழுவுக்கும் செடிப்பூச்சிக்கும் அது இருந்த செடியையும் சேர்த்தெடுங்கள். தவளைக்குப் படத்தைவிடக் குரல் உதவும், பதிவில் ஒலியையும் ஏற்றலாம். மழை இரவில் தொலைபேசியின் ஒலிப்பதிவியை இரண்டு நிமிடம் ஓடவிட்டால் போதும்.

பல்லிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் புதிதாகப் பெயர் பெற்ற ஊர்வனவற்றில் பல்லிகளுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அடையாளமோ முதுகின் நிறத்தில் இல்லை. விரலடித் தகடுகளின் எண்ணிக்கை, ஆணின் தொடையடித் துளைகள், முதுகிலும் வாலிலும் உள்ள சிறு முண்டுகளின் அடுக்கு, இவைதான் கணக்கு. இதற்காகப் பல்லியைப் பிடித்து வாலை உதிரவைக்க வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பல்லியை மறுபக்கத்திலிருந்து எடுத்தால் விரலடியும் தொடையடியும் தானாகவே கிடைக்கும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எடுங்கள். அதே பல்லியை முதுகுப்பக்கமும் எடுத்து ஒரே பதிவில் சேர்த்தால் நிபுணருக்கு வேறென்ன வேண்டும்! சென்னை வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் பொதுவான வீட்டுப்பல்லிகளே. ஆனால் நன்மங்கலம் போன்ற காப்புக்காட்டு ஓரங்களிலும் பாறைப் பகுதிகளிலும் வீடு இருந்தால் இந்தப் பழக்கம் வீண்போகாது.

அளவுகோல் இல்லாத படம் அரைப் படம். ஒரு ரூபாய் நாணயத்தை வைக்காதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் அதன் விட்டம் வேறு, பார்ப்பவருக்கு எது என்று தெரியாது. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ., அது பரவாயில்லை. பள்ளிக்கூட ஸ்கேல் எல்லாவற்றிலும் மேல். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் மேக்ரோ லென்ஸ் 1 செ.மீ.க்குக் குறைந்த பூச்சிகளுக்கு நல்ல உதவி. சில செ.மீ. தூரத்தில் மட்டுமே குவியும் என்பதால் தொலைபேசியை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தித் தொடர்ச்சியாக எடுத்துத் தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸில் ஆவி படியும், சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம், பலருக்குத் தெரியாதது. ஐநேச்சுரலிஸ்ட் படங்களை நீளமான பக்கம் 2048 பிக்சல் என்ற அளவுக்குச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். 50 மெகாபிக்சல் கேமராவில் ஓர் ஓரத்தில் சிறியதாக விழுந்த வண்டை அப்படியே ஏற்றினால் அது மங்கிப் புள்ளியாகிவிடும். ஏற்றுவதற்கு முன்பே பிராணி சட்டத்தை நிரப்பும்படி வெட்டிக்கொள்ளுங்கள். முழுக் காட்சியை இரண்டாவது படமாகச் சேர்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றாதீர்கள். சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து நாளும் இடமும் கழன்றுவிடும். செயலி படத்தை இறக்கிய தேதியையும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் நிரப்பிவிட்டால், மதுரையில் பார்த்த பிராணி மயிலாப்பூரில் பதிவாகும். படம் எடுத்தவரிடமே கணக்கு தொடங்கச் சொல்லுங்கள், அல்லது படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி, அனுமதியோடு அவர் பெயரைக் குறிப்பிட்டுப் போடுங்கள். செய்தித்தாளிலும் ஃபேஸ்புக்கிலும் எடுத்த படம் உரிமை மீறல், பதிவு முடக்கப்படும்.

இடத்தை மறைக்கும் வசதி சென்னையில் வேடிக்கையாக நடந்துகொள்கிறது. ‘மறைத்தது’ என்று தேர்ந்தெடுத்தால், அல்லது அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்பதால் தளமே மறைத்தால், உண்மையான புள்ளிக்குப் பதிலாக 0.2 டிகிரி அகலமும் உயரமும் கொண்ட ஒரு கட்டத்துக்குள் எங்காவது ஒரு புள்ளி காட்டப்படும். ஒரு பக்கம் ஏறக்குறைய 22 கி.மீ. அடையாற்றிலிருந்து எண்ணூர் ஓரம் வரை ஒரே கட்டம். அதன் கிழக்குப் பாதியும் அதற்கு மேலும் வங்காள விரிகுடா. ஆகவே நுங்கம்பாக்கத்து மரத்தில் பார்த்த ஆந்தை, வரைபடத்தில் நடுக்கடலில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றாலும் இதையே பயன்படுத்துங்கள். ‘தனிப்பட்டது’ என்று போட்டால் இடமே தெரியாது, பரவல் ஆய்வுக்கு அந்தப் பதிவு பயன்படாது.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் எடுத்ததும் கொளத்தூர் வண்ணமீன் கடையில் எடுத்ததும் ‘வளர்ப்பு’ என்று குறிக்கப்பட வேண்டும். குறிக்காவிட்டால் சென்னையில் வெள்ளைப்புலி திரிவதாகப் பதிவாகும். ஆனால் கடையில் வாங்கி யாரோ ஏரியில் விட்ட டேங்க் கிளீனர் மீன் அங்கே தானாகவே வாழ்ந்துகொண்டிருந்தால் அது வளர்ப்பு அல்ல. அதைக் கட்டாயம் பதிவிடுங்கள். செங்காது ஆமைக்கும் இதே விதி.

சென்னையில் இந்தச் செயலி தரும் பெரிய பயன் இந்தப் பக்கம்தான் என்பேன். ‘புதிய இனம்’ என்பதும் ‘புதிய பதிவு’ என்பதும் ஒன்றல்ல. முன்னது உலகில் யாரும் விவரிக்காதது. பின்னது வேறெங்கோ ஏற்கெனவே அறியப்பட்டு, இங்கே முதல்முறையாகத் தென்படுவது. விலங்கியல் ஆய்வகம் ஆண்டுதோறும் இரண்டையும் சேர்த்தே கணக்குக் காட்டும்: 2023ஆம் ஆண்டுக்கான 641இல் 442 புதிய இனங்கள், 199 புதிய பதிவுகள். நகரவாசியின் கைக்கு எட்டுவது பின்னது. எண்ணூர் கழிமுகத்தில் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று பெயரிட்ட மட்டியைப் பாருங்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா அது, கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படுகிறது. அடித்தரையைப் பாய்போல மூடி, மஞ்ச மட்டியையும் இறாலையும் இருக்கவிடாமல் செய்கிறது. வித்தியாசமான மட்டி என்று முதலில் உணர்ந்தவர்கள் அங்கே இறங்கி வேலைசெய்த மீனவர்கள். எண்ணூரிலிருந்து முட்டுக்காடு வரை கழிமுகங்களில் கறுத்த மட்டிக்கொத்தைக் கண்டால், கொத்தாக ஒரு படம், ஒன்றைத் தனியாக இரு பக்கமும், செத்த ஓட்டின் உட்புறமும் கீலும் தெரிய ஒன்று என நான்கு படங்கள் எடுங்கள். ஓட்டின் நிறம் கறுப்பு, பழுப்பு, பச்சை எனப் பலவிதமாக மாறும், பச்சை ஆழி என்ற இன்னொரு மட்டியின் குஞ்சுகளோடு குழம்பும். வெளிப்படம் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

படத்திலிருந்து புது இனம் பிறந்த கதைகள் இல்லாமல் இல்லை. கொலம்பியாவில் எடுத்து இதே தளத்தில் ஏற்றிய சிவப்புத் தவளையின் படம் 2013இல் ஆண்டினோபேட்டஸ் கேசிடிஹார்னே என்ற புதிய இனமானது. இமாசலப் பிரதேசத்துச் சுரா பள்ளத்தாக்கில், பொதுமுடக்கக் காலத்தில் மாணவர் ஒருவர் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட பாம்பு, 2021இல் ஒலிகோடான் சுராஹென்சிஸ் ஆனது. மலேசியக் காட்டில் எடுத்து ஃபிளிக்கரில் போட்ட கண்ணாடியிறகி என்ற பூச்சி 2012இல் செமாக்ரைசா ஜேட் என்று பெயர் பெற்றது. மூன்றிலும் படம் தொடக்கம் மட்டுமே. கண்ணாடியிறகியைப் படம் பிடித்தவர் மறுபடி அதே இடத்துக்குப் போய் ஒரு மாதிரியைப் பிடித்து அனுப்பிய பிறகுதான் விவரிப்பு எழுத முடிந்தது. லண்டன் அருங்காட்சியகத்தில் பெயரில்லாமல் கிடந்த இன்னொரு மாதிரியும் அப்போதுதான் துணைக்கு வந்தது. செயலி செய்வது சரியான ஆளின் கண்ணில் படவைப்பது.

அந்த வேலைக்கு ஒரு வழிமுறை உண்டு. சம்பந்தப்பட்ட பேரினத்தின் பக்கத்தில் அதிகம் அடையாளம் கண்டவர்களின் பட்டியல் இருக்கும். அவர்களில் இந்தியப் பதிவுகளைப் பார்ப்பவர் யார் என்று கண்டு, கருத்துப் பெட்டியில் அவரை மட்டும் குறிப்பிட்டு, எங்கே, எப்போது, எத்தனை மி.மீ., எந்தச் செடியில், எது வித்தியாசமாகத் தெரிகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். பத்துப் பேரைக் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார். பதில் வராவிட்டால் சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குப் பதிவின் இணைப்போடு எழுதலாம். கடல் பிராணிகளுக்கான கடல் உயிரியல் மையமும் அங்கேதான். பிராணியைப் பிடித்துப் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளதைப் பிடிப்பதே குற்றம். கடல் அட்டையும் கடல் குதிரையும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மாதிரி எடுப்பது அனுமதி பெற்ற ஆய்வாளரின் வேலை. புதிதாகக் கண்ட இனத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம்.

மாற்றுச் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. இதே நிறுவனத்தின் ‘சீக்’ கணக்குக் கேட்காது, படத்தை எங்கும் அனுப்பாது. கேமராவைக் காட்டினாலே குடும்பம், பேரினம் எனப் படிப்படியாகச் சொல்லும், தெரியாவிட்டால் அந்தப் படியிலேயே நின்றுவிடும். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் கணக்குக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்பதால் பிள்ளைகளுக்குச் சீக் சரி. பறவைக் குரலுக்கு மெர்லின், அதில் போட்டியே இல்லை. கூகுள் லென்ஸ் இணையத்தில் ஒத்த படத்தைத் தேடுகிறது. அரிய வண்டுக்குச் சில சமயம் பொம்மைக் கடை இணைப்பைத் தரும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறை. கணக்கின் அமைப்பில் பெயர்களைத் தமிழில் காட்டச் சொல்லலாம், ஆனால் பறவைகளையும் பெரிய விலங்குகளையும் தாண்டினால் தமிழ்ப் பெயர்கள் அருகிவிடும். யார் வேண்டுமானாலும் இனத்தின் பக்கத்தில் ஊர்ப்பெயரைச் சேர்க்க முடியும். காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் புழங்கும் மீன், நண்டு, சொறிமீன் பெயர்களை அந்த ஊர்க்காரர்கள் சேர்த்தால் நல்லது. வீட்டில் உட்கார்ந்து புதுப் பெயர் உருவாக்கிச் சேர்ப்பது விதிமீறல்.

பதிவிட்ட பிறகு மூலப் படங்களை அழிக்காதீர்கள். தளத்தில் இருப்பது சுருங்கிய பிரதி. ஆய்வுக் கட்டுரைக்கு முழு அளவுப் படம் கேட்டு ஒருவர் சில ஆண்டுகள் கழித்தும் செய்தி அனுப்பக்கூடும், அதனால் அறிவிப்புகளை முடக்காமல் மின்னஞ்சலில் வரும்படி வையுங்கள். அடையாளம் தவறு என்று யாராவது திருத்தினால் கோபத்தில் பதிவையே நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீக்கினால் மற்றவர்கள் அதில் எழுதிய அடையாளங்களும் விவாதமும் சேர்ந்தே போகும். உங்கள் அடையாளத்தை மட்டும் திரும்பப் பெறும் பொத்தான் தனியாக இருக்கிறது, அதை அமுக்கினால் போதும்.